மேல்மாடிக்கு ஏறும் தண்ணீர்

என் வீட்டுக்காரருக்குக் குழாய் வேலை. ஊருக்கு அவர் பிளம்பர். கூட வேலை செய்கிறவர்களுக்கு 'பிரஷர்'. கோபம் வந்தால் முகம் சிவந்து நெற்றியோரம் நரம்பு புடைத்துக்கொள்ளும், அதனால் வந்த பட்டப்பெயர். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவரைத் திட்ட எனக்கு வேறு வார்த்தைகள் இருந்தன.

ஆனால் வேலையில் மனிதர் கெட்டிக்காரர். அதை நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் என் நாக்கு அழுகிவிடும். சுவரில் காதை வைத்தால் போதும், உள்ளே எந்த இடத்தில் கசிகிறது என்று சொல்லிவிடுவார். இந்த நகரத்தில் பாதிக் கட்டடங்களின் குழாய்ப் பாதை அவர் தலைக்குள்தான் இருந்தது. எங்கேயும் எதையும் வரைந்து வைத்ததில்லை. அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், ரொம்ப வருஷமாக அவரோடுதான் வேலை செய்கிறார். அண்ணனைக் கேட்டால் ஆயிற்று என்று அவரும் சும்மா இருந்துவிட்டார். போன் எடுப்பதும் யார் வீட்டுக்கு முதலில் போவது என்று முடிவு செய்வதும் என் பொறுப்பு. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் மேய்ப்பதற்கு ஒருத்தி வேண்டாமா?

அப்படிப்பட்டவர் ஒரு நாள், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த நான்கு வால்வுகளுக்கு முன்னால் வெறுமனே நின்றிருக்கிறார். எதை மூடுவது என்று தெரியவில்லை. அந்த நான்கையும் பொருத்தியதே அவர்தான். கடைசியில் ஏதோ ஒன்றைத் திருகிவிட்டு "மூடியாச்சு" என்று மேலே குரல் கொடுத்திருக்கிறார். இரண்டாவது மாடியில் கொழுந்தன் நம்பிக் குழாயைக் கழற்ற, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு படுக்கையறை வரைக்கும் போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் என்னிடம் மூச்சு விடவில்லை. சாப்பிட்டார், படுத்துவிட்டார். மறுநாள் கொழுந்தன்தான் என்னைப் படியில் நிறுத்திச் சொன்னார்.

"அண்ணி, இது முதல் தடவை இல்ல" என்றார்.

இனிமேல் பெரிய வேலைகளுக்கு அண்ணனைக் கூப்பிடாமல் விட்டுவிடலாமா என்று யோசனை வேறு கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்தது. அந்த மனிதரை வீட்டில் உட்கார வைத்தால் என் வீட்டுச் சுவருக்கெல்லாம் காதை வைத்துக்கொண்டு திரிவார், அப்புறம் எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். சிரிப்பெல்லாம் வாயோடு சரி. என் மாமனார் கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளைப் பார்த்து "நீங்க யாரு, என்ன வேணும்?" என்று கேட்டவர். பக்கத்தில் இருந்து சோறு ஊட்டியவள் நான். அது எப்படி ஆரம்பிக்கும், எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனால்தான் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுகாதார மையத்தில் கைகழுவும் பேசின் அடைத்துக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். அடைப்பை எடுக்கப் போனவர் ஓர் அறிவிப்பைப் படித்துவிட்டு வந்தார். ரத்தக் குழாய்களின் ஆரோக்கியத்துக்கும் வயதான பிறகு வரும் மறதிக்கும் என்ன தொடர்பு என்று ஓர் ஆய்வு நடக்கிறதாம். அறுபது தாண்டியவர்கள் வேண்டுமாம், பல வருஷங்கள் தொடர்ந்து பரிசோதிப்பார்களாம்.

"குழாய் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி. என்னை விட்டா வேற யாரு போறது?" என்றார்.

குழாய் என்ற சொல்லை மட்டும்தான் படித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். மறதி என்ற சொல்லையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது எனக்குப் புரியாமலா இருக்கும்? நானும் காட்டிக்கொள்ளவில்லை. போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள் என்றேன்.

கூட ஒருவர் வர வேண்டும் என்பது அங்கே விதி. வீட்டில் ஆள் எப்படி இருக்கிறார், எதையாவது மறக்கிறாரா என்று கூட வருகிறவரிடம் தனியாகக் கேட்பார்கள். அதனால் நானும் போனேன். ஆய்வுக்கென்றே இருந்த நர்ஸ் பொறுமையான பெண். அவரைப் படுக்க வைத்து, கழுத்தில் பேனா மாதிரி ஒரு கருவியை ஒற்றிப் பிடித்தாள், தொடையில் ஒரு பட்டையைக் கட்டினாள். இதயம் அடிக்கும் ஒவ்வோர் அடியும் கழுத்துக்கு எப்போது வருகிறது, தொடைக்கு எப்போது போகிறது என்று பார்த்து, நாடி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கணக்கிடுவார்களாம். இவருக்கு ரொம்ப வேகம் என்று ஆய்வை நடத்தும் டாக்டரம்மா சொன்னதும் இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேகமாகப் போனால் நல்லதுதானே என்று கேட்டார். அதுதான் இல்லை என்றார் அந்த அம்மா. நல்ல ரத்தக் குழாய் ரப்பர் ஹோஸ் போல நெகிழ்ந்து அடியை வாங்கிக்கொள்ளுமாம், நாடியும் நிதானமாகப் போகுமாம். இவருடையது இறுகிப்போனதால் அடி அப்படியே பாய்கிறதாம். ரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது.

அப்புறம் நினைவுப் பரிசோதனை. நர்ஸ் ஐந்து வார்த்தைகளைச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள், எண்களைக் கோடு போட்டு இணைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த ஐந்தையும் திரும்பக் கேட்டாள். இவர் மூன்றைச் சொன்னார். மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஐந்தும் நினைவிருந்தது. அந்த நேரத்தில் அதைவிடப் பாரமான விஷயம் எனக்கு வேறு இல்லை.

அழுத்தத்தைக் குறைக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். குறைத்தால் மறதி அதிகமாகாமல் நிற்குமா என்று நான் கேட்டேன். நிற்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் இருக்கிறது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடிந்தால் இந்த ஆய்வே தேவையில்லையே என்றார் டாக்டரம்மா. மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. உப்பைக் குறைத்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது சாப்பிட்டார். காலையில் நடந்தார். மாத்திரை அட்டைகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஆனால் சில மாதம் கழித்து அளந்தபோது அழுத்தம் இம்மியும் இறங்கவில்லை. டாக்டரம்மா குழம்பிப்போய் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. எனக்கு மாத்திரை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புருஷன் மேல் வரவில்லை பாருங்கள்!

ஒரு நாள் அவருடைய சாமான்களை ஒதுக்கிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சாண் நீளப் பைப் ஒன்று கையில் தட்டுப்பட்டது, இரண்டு முனைகளிலும் மூடி போட்டு இறுக்கியது. எடுத்தால் உள்ளே கலகலவென்று சத்தம். நானும் பிளம்பர் பெண்டாட்டிதானே, பைப் ரெஞ்சை எடுத்து ஒரு பக்கத்து மூடியைக் கழற்றினேன். மரையில் வெள்ளை டேப் எல்லாம் பக்குவமாகச் சுற்றியிருந்தது. கவிழ்த்தால் மாத்திரை, மாத்திரை, மாத்திரை. பழைய அளவும் இருந்தது, புது அளவும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். எதையும் சாக்கடைக் குழாயில் போடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவராயிற்றே. பெண்டாட்டியை ஏமாற்றலாம், குழாய்க்குத் துரோகம் செய்யலாமா?

சாயந்தரம் அவர் வந்ததும் அந்தப் பைப்பை மேசையின் நடுவில் வைத்தேன். பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நான் கத்தினேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். நான் மூச்சு வாங்குகிற இடம் வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். மாத்திரை போட்ட முதல் வாரம் எழுந்து நிற்கும்போதெல்லாம் கண் இருட்டியிருக்கிறது. ஏணியில் ஒரு தடவை ஆடிப்போயிருக்கிறார். அவருக்கு அதுவே போதுமான சாட்சியாகிவிட்டது.

"கீழ பிரஷரைக் குறைச்சா மேல்மாடிக்குத் தண்ணி ஏறுமா?" என்று கேட்டார். "மூளை எங்க இருக்கு? உச்சியில. அவங்க படிச்சவங்கதான், இல்லங்கல. ஆனா அஞ்சு மாடிக்குத் தண்ணி ஏத்தினது நானு."

கேட்கும்போது நியாயமாக வேறு இருந்து தொலைத்தது. உங்கள் மேல்மாடியில்தான் ஏற்கெனவே ஆளில்லையே என்று ஒரு பேச்சு நுனிநாக்கு வரைக்கும் வந்தது. வேறு சமயமாக இருந்தால் சொல்லிச் சிரித்திருப்பேன், அவரும் சிரித்திருப்பார். அன்றைக்கு அதை விழுங்கிவிட்டேன். அப்படி விழுங்க வேண்டி வந்ததை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

ஆனால் விடுவதாக இல்லை. நான் படித்ததெல்லாம் போன்தான். விடியற்காலையில் மணி அடித்தால் அது யார், எதற்கு என்று அவரைவிட எனக்குத் தெரியும்.

"மேல தண்ணி ஏறலன்னு யாராவது விடியக்காலையில நமக்குப் போன் பண்ணியிருக்காங்களா?" என்றேன். "எல்லாரும் எதுக்குப் பண்றாங்க? உடைஞ்சு போச்சு, ஓடி வாங்கன்னுதானே? பிரஷர் தாங்காமதானே உடையுது?"

அது வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. அவருக்குப் பாதி மனசு இறங்கிவிட்டது என்று தெரிந்தது, ஆனால் மையத்துக்கு வந்து உண்மையைச் சொல்லலாம் என்றதும் மறுபடியும் முறுக்கிக்கொண்டார். சொன்னால் ஆய்விலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள் என்றார். அப்புறம் குரல் இறங்கிப்போய், "அங்க போயிட்டு வர்றதாவது ஒண்ணு இருக்கு. அதுவும் இல்லன்னா அப்பா மாதிரிதான்" என்றார்.

அந்தப் பேச்சை அவர் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். இருந்தாலும் குரலை இளகவிடவில்லை. நாளைக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா, இரண்டில் ஒன்று நடக்கும் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டேன்.

மறுநாள் அவரே சொன்னார். சொன்னார் என்பதைவிட, பைப்பைக் கொண்டுபோய் டாக்டரம்மாவின் மேசையில் வைத்து, கையாலேயே மூடியைத் திருகிக் கவிழ்த்தார். டாக்டரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏமாற்றியதற்காக இல்லை. இறங்கவில்லை என்று தான் அளவைக் கூட்டிக்கொண்டு போனதை நினைத்துத்தான். நான் வீட்டில் மிரட்டி கூட்டிய அளவு மாத்திரையை எடுத்த எடுப்பில் விழுங்க வைத்திருந்தால் எங்கேயாவது மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார் என்றார். அதைத்தான் செய்வதாக இருந்தேன்.

படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை அழுத்தத்தை அளந்தார்கள். கண் இருட்டியதை அப்போதே சொல்லியிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேனே என்றார் டாக்டரம்மா. இவர் மேல்மாடிக் கதையை எடுத்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டார். மூளைக்குப் போகும் குழாய்கள் உயிருள்ளவை, அழுத்தம் இறங்கினால் தாமாகவே விரிந்து தேவையான ரத்தத்தை எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் பழகிக்கொள்ளும் என்றார். இவர் தலையை ஆட்டினார், நம்பிய மாதிரி தெரியவில்லை. அப்போதுதான் ஆய்வின் தொடக்கத்தில் எடுத்த மூளைப் படத்தைத் திரையில் போட்டார்கள். சாம்பல் நிறத்தில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

இவர் எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஓதம்" என்றார். "சுவருக்குள்ள எங்கயோ நாள்பட கசிஞ்சா இப்படித்தான் திட்டுத் திட்டா வரும்."

அப்படியே இல்லை, ஆனால் ரொம்பத் தூரமும் இல்லை என்றார் டாக்டரம்மா. பெரிய குழாய் இறுகிப்போனால் ஒவ்வொரு துடிப்பின் அடியும் கடைசியில் இருக்கும் முடியளவு குழாய்களில் போய் விழுகிறது, வருஷக்கணக்கில் அடி வாங்கி அவை கெட்டுப்போகின்றன, அந்த இடங்கள்தான் இவை என்றார். இவர் அந்தத் திட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் நிற்கும்போது மேல்குழாய் தடால் என்று அடித்துக்கொள்ளும் கட்டடங்களுக்கு எத்தனை தடவை போயிருப்பார்! அந்தச் சத்தம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது போல ஆகிவிட்டது அவர் முகம். கையை நீட்டி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

இதை அழிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றார் டாக்டரம்மா, புதிதாக வராமல் பார்க்கலாம், அதுவும் எந்த அளவுக்கு முடியும் என்று தெரிந்துகொள்ளத்தான் உங்களைப் போன்றவர்கள் வருகிறீர்கள். அப்படியானால் என்னை ஆய்விலிருந்து நீக்க மாட்டீர்களா என்று கேட்டார். மாத்திரை சாப்பிடாதவர்களும் கணக்கில் உண்டு, பொய்தான் கணக்கில் இல்லை என்று பதில் வந்தது.

"அப்ப எழுதுங்க. இத்தனை மாசம் ஏமாத்தினேன்னே எழுதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

சின்ன அளவில் மறுபடியும் மாத்திரை ஆரம்பித்தது. அன்றிலிருந்து மனிதர் கங்கணம் கட்டிக்கொண்ட மாதிரி இறங்கிவிட்டார். காலையில் எழுந்ததும் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்பார். மழையென்றாலும் நடை நிற்காது, மாடிப்படியிலேயே ஏறி இறங்குவார், கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார். உப்பில்லாத சாப்பாட்டைப் பார்த்து ஒரு நாள் தட்டைத் தள்ளினார். பசித்தால் வருவார் என்று நானும் தட்டை மூடி வைத்தேன், வந்தார். கண் இருட்டினால் உடனே நர்ஸுக்குப் போன் போடுவேன். ஊரார் குழாய் உடைந்தால் போன் எடுத்த நான், இப்போது இவருடைய குழாய்க்காகப் போன் போட்டேன்.

இன்னொன்றும் செய்தார். தம்பியைக் கூட்டிக்கொண்டு, தான் வேலை செய்த கட்டடங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார். எந்த வால்வு எந்த மாடிக்கு என்று தலையில் இருந்ததை எல்லாம் வால்வுகளின் மேலேயே பெயின்டால் எழுதி வைத்தார்கள். சில இடங்களில் அவருக்குச் சட்டென்று வந்தது. சில இடங்களில் வரவில்லை. வராத இடத்தில் திறந்து மூடிப் பார்த்து, மேலே ஓடிப்போய் எந்த வீட்டில் தண்ணீர் நின்றது என்று தம்பி கேட்டுவிட்டு வந்த பிறகுதான் எழுதினார். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒன்றிலும் எழுதவில்லை என்று கொழுந்தன் என்னிடம் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. பெரிய வேலைக்கு அண்ணனைக் கூப்பிட வேண்டாம் என்ற பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

வருஷம் திரும்பியது. மறுபடியும் பரிசோதனை. அழுத்தம் இறங்கியிருந்தது. நாடியின் வேகம் அப்படியேதான், ஆனால் கூடவில்லை. நினைவுப் பரிசோதனைக்கு நான் போன தடவை போலவே மூலையில் உட்கார்ந்தேன். இந்த முறை வேறு ஐந்து வார்த்தைகள்: ரயில், கம்பளி, நீலம், கத்தரிக்கோல், ஏணி. நர்ஸ் நிதானமாகச் சொன்னாள், அவரும் திருப்பிச் சொன்னார். கடிகாரம் வரைந்தார், கோடு போட்டார். பிறகு அந்த ஐந்தையும் கேட்டாள்.

"ரயில்" என்றார். கொஞ்சம் இருந்து, "நீலம்" என்றார்.

அப்புறம் நின்றுவிட்டார். முழங்காலின் மேல் விரல்கள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மெல்ல என் பக்கம் திரும்பினார். யாருடைய பேராவது வராமல் தவித்தால் என்னைப் பார்ப்பார், நான் எடுத்துக் கொடுப்பேன், கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான். சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. என் உதடு தானாகவே 'க' என்று திறக்க ஆரம்பித்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் முகத்தைச் சட்டென்று சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நர்ஸம்மா, இவளைக் கொஞ்சம் வெளிய உட்கார வைங்க" என்றார். "இவ முகத்தைப் பார்த்தா எனக்கு எல்லாம் வந்துடும். அது என் கணக்குல சேராது."

எழுந்து வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும். ஐந்து வார்த்தைகளும் எனக்குள் இருந்தன. அவரிடம் கொடுக்க வழியில்லாமல் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்தவர், "மூணு" என்றார். பின்னால் வந்த நர்ஸ் போன வருஷமும் மூன்றுதான் என்று எனக்கு நினைவூட்டினாள். இந்த வருஷம் குறையவில்லை என்றா அர்த்தம், மறதியே நின்றுவிட்டது என்றா அர்த்தம் என்று டாக்டரம்மாவைப் பிடித்துக் கேட்டேன். ஒரு மனிதரின் ஒரு வருஷத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பேரை, நிறைய வருஷம் பார்க்க வேண்டும் என்றார்.

"பாருங்க. நான் வர்றேன்" என்றார் அவர், வேலைக்குத் தேதி கொடுக்கும் அதே குரலில்.

தெருவுக்கு வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். மருந்துக் கடை தாண்டியதும் நின்றார்.

"வெளிய வந்தாச்சு. கத்தரிக்கோல் அப்புறமா வந்துச்சு. இப்ப சொல்லு, மீதி ரெண்டு என்ன?"

"கம்பளி" என்றேன்.

தலையை ஆட்டினார்.

"ஏணி."

"ஏணியா?" என்றார். "ஏணியையா மறந்துட்டேன்?"

தோளில் ஏணியைச் சுமந்தே காய்த்துப்போன இடத்தை அவர் கை தானாகத் தடவியது. அவர் முகத்தை நான் பார்த்தேன், அவர் பார்க்க விட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தார். அடுத்த வருஷமும் நீ வெளியேதான் உட்கார வேண்டும் என்றார். சரி என்றேன்.